பெட்டிக்குள் பெரியப்பாவும் மாமாவும்

என் கம்பியூட்டர் பெட்டிக்குள், திரைக்குப் படம் வரைந்து அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டுகள் இரண்டு இருக்கின்றன. கேள்விப்படுபவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். நான் பல்லைக் கடிக்கிறேன்.

மேலே இருப்பது சுவிஸிலிருந்து தவனேசன் மாமா அனுப்பியது. கீழே இருப்பது கனடாவிலிருந்து இராசநாயகம் பெரியப்பா அனுப்பியது. கேம் விளையாட நல்ல கார்டு ஒன்று வேண்டுமென்று அம்மாவிடம் வாய்தவறிச் சொன்னதுதான் நான் செய்த பிழை. அம்மா தன் தம்பியிடம் சொன்னார். செய்தி எப்படியோ அப்பாவின் அண்ணனுக்கும் போனது. ஒரே மாதத்தில் இரண்டு பார்சல்கள் எங்கள் சண்டிலிப்பாய் வீட்டு வாசல் படலைக்கு வந்து சேர்ந்தன. இரண்டும் வேறு வேறு கொம்பனி.

அந்த இரண்டு மனிதர்களும் ஆறு வருடங்களாகக் கதைப்பதில்லை. அப்பா இறந்தபோது மரண அறிவித்தலை எழுதிக் கொடுத்தவர் பெரியப்பா. அதில் மைத்துனர்கள் வரிசையில் மாமாவின் பெயர் இல்லை. மறந்துபோனேன் என்றார் பெரியப்பா. லண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட மைத்துனரின் பெயர் நினைவிருந்தவருக்கு என் பெயர் மட்டும் மறந்ததா என்று மாமா கேட்டார். அத்தோடு சரி. நாங்கள் இருக்கும் வீடு பெரியப்பாவுடையது. அதற்குக் கூரை போட்டுத் தந்தவர் மாமா. யாரைப் பகைப்பது?

"ரெண்டையும் பூட்டு பிள்ளை. ஒண்டை வெளியிலை வைச்சால் ஒராள் கோவிப்பார்," என்றார் அம்மா.

"ரெண்டும் ஒத்துப்போகாதம்மா. கேம் ஒரு கார்டைத்தான் எடுக்கும். மற்றது சும்மா கிடக்கும்."

"சும்மா கிடக்கிறது ஆற்றை? மாமான்ரையோ, பெரியப்பான்ரையோ?"

அம்மாவுக்குக் கம்பியூட்டர் தெரியாது. ஆனால் எதைக் கேட்டால் நான் இரண்டையும் பூட்டுவேன் என்பது நன்றாகத் தெரியும்.

மூன்று நாள் மண்டையை உடைத்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கேம் மாமாவின் கார்டில் ஓடும். திரைக்குப் போகும் வயர் பெரியப்பாவின் கார்டில் செருகியிருக்கும். மாமாவின் கார்டு வரையும் படம் பெரியப்பாவின் கார்டு வழியாகத்தான் வெளியே வரவேண்டும். "உங்கடை கார்டிலைதான் விளையாடுறன்" என்று இருவரிடமும் பொய்யில்லாமல் சொல்லலாம். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாளே அனுபவித்தேன். படம் திக்கித் திக்கி வந்தது. கீழே இருந்த கார்டு மேலே இருந்ததன் விசிறியை அடைத்துக்கொண்டதால் ஒரு மணி நேரத்தில் பெட்டி அடுப்பாய்க் கொதித்தது. கார்டுகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள் இரண்டும் முட்டிக்கொண்டால் திரை சட்டென்று கறுத்துப்போகும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன், அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லாவிட்டால். ஐந்து ஐந்து பேராக மோதும் துப்பாக்கிச் சண்டை கேம் அது; எங்களூர் சுபாங்கன் அண்ணையின் அணியில் ஐந்தாவது இடம் காலியாக இருந்தது. அன்று மாலை ஆறு மணிப் போட்டியில் நான் சரியாக விளையாடினால் அந்த இடம் எனக்கு. பிறகு கொழும்பில் இறுதிச் சுற்று. எனக்கு அது வேண்டும். அவ்வளவு ஆசையாய் வேறெதையும் நான் கேட்டதில்லை. இன்னாரின் தம்பி மகள், இன்னாரின் மருமகள் என்று ஒட்டாமல் நான் வெறும் சாருஜாவாக இருந்த ஒரே இடம் அந்த விளையாட்டு.

"இண்டைக்கு மட்டும் ஒண்டைக் கழட்டிறன் அம்மா."

"இண்டைக்கோ? ரெண்டு பேரும் வீடியோவிலை பாக்கப்போகினம். என்னைக் கொல்லாதை."

ஆறு மணிக்கு அம்மா என் பக்கத்தில் நின்றார். ஒரு கைபேசியில் மாமா, மற்றதில் பெரியப்பா. இரண்டையும் பெட்டியின் கண்ணாடிப் பக்கத்துக்கு நேரே பிடித்திருந்தார். சத்தத்தைக் குறைத்து, கைகளை அகல விரித்துப் பிடித்திருந்ததால் ஒருவருக்கு மற்றவர் இருப்பது தெரியாது. திரையை ஒருவரும் பார்க்கவில்லை.

"என்ரை விசிறி சுத்துது," என்றார் பெரியப்பா. "சிவப்பு லைற் என்ரைதானே பிள்ளை?" என்றார் மாமா. நான் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று புள்ளிகள் சமன். கடைசிச் சுற்று. எங்கள் பக்கத்தில் நான் மட்டும் உயிரோடு. எதிரில் இரண்டு பேர். ஒருவனை விழுத்திவிட்டேன். மற்றவன் சுவருக்குப் பின்னால் நிற்பது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. அவன் வெளியே வரவேண்டும், நான் சுடவேண்டும். அவ்வளவுதான்.

திரை கறுத்தது.

சத்தம் நிற்கவில்லை, அதுதான் கொடுமை. காலடி கிட்ட வந்தது. "சாரு, வலப்பக்கம், வலப்பக்கம்!" என்று சுபாங்கன் அண்ணை கத்தினார். நான் அந்த இருட்டில் எல்லா விசைகளையும் அழுத்தினேன். மூன்று வெடி கேட்டது. திரை திரும்பி வந்தபோது தோற்றிருந்தோம்.

"என்ன, அந்தக் கனடாச் சாமான் காலை வாரிட்டுதோ?" என்று மாமா போட்ட சத்தம் மற்றக் கைபேசிக்கும் கேட்டது.

"ஆர் உது?" என்றது மற்றக் கைபேசி. "தவனேசனோ? உம்மடை கார்டெல்லோ சூடேறி நிண்டது! பிள்ளையின்ரை விளையாட்டைக் கெடுத்துப்போட்டீர்."

"கெடுத்தது நானோ அண்ணை? என்ரை பேரை விட்டது போதாதெண்டு இதுவும் என்ரை பிழையோ?"

அம்மா இரண்டு கைபேசிகளையும் மேசையில் வைத்தார். அவை ஒன்றோடொன்று கத்தின. இருபது நிமிடம் மரண அறிவித்தல் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு, எப்படி என்று தெரியவில்லை, அப்பா கீரிமலைக் கேணியில் கலியாண மோதிரத்தைத் தொலைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க முக்குளித்த கதைக்கு வந்துவிட்டார்கள். பெரியப்பா சிரித்தார். மாமா சிரித்தபடியே அழுதார். அம்மா சீலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போனார்.

என் கைபேசியில் சுபாங்கன் அண்ணையின் செய்தி வந்திருந்தது. "வேறை ஒராளைப் போட்டிட்டம். குறை நினையாதை தங்கச்சி."

திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். எந்தக் கார்டு முதலில் கைக்கு வருகிறதோ அதைப் பிடுங்கி எறிவதென்றுதான் இருந்தேன். அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"கும்பிடுறன் பிள்ளை, கழட்டாதை. ஆறு வரியத்துக்குப் பிறகு கதைச்சவை. அடுத்த ஞாயிறும் ரெண்டு பேரும் சேர்ந்து உன்ரை போட்டியைப் பாக்கப்போகினமாம்."

"எனக்கு இனிப் போட்டி இல்லையம்மா. வெளியிலை விட்டிட்டாங்கள்."

அம்மா என் கையை விடவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனால் அப்பா போன பிறகு அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

"அது அவை ரெண்டு பேருக்கும் தெரியாதுதானே," என்றார். "நீ சும்மா முன்னாலை இருந்து கீபோட்டைத் தட்டிக்கொண்டிரு."

எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. இரண்டு கார்டையும் உள்ளேயே விட்டு, கண்ணாடியைத் திரும்ப வைத்து நாலு மூலையிலும் திருகாணியை முறுக்கினேன்.