கையிலிருந்த ரத்தத்துக்கு எழுதிய முடிவு

எட்டு மணிக்கு நர்ஸ் ரக்கியாவின் கண்ணெதிரே மீலூத் மாத்திரைகளை விழுங்கினான். மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில், புறா எச்சம் கரைத்த தொட்டிகளில் நின்று தோல் பதனிடுகிறவன். காசநோய் அவனை எலும்பும் தோலுமாக ஆக்கியிருந்தது. மருந்து ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று பார்க்க, சரியாகப் பத்து மணிக்கு அவள் ரத்தம் எடுத்தாள்.

"மூணு மாசமா முழுங்குறேன் அக்கா. இருமல் நிக்கல. இப்ப எம் பொண்ணும் இருமுறா."

முந்தைய இரண்டு சோதனையிலும் 'அளவு சரி' என்றே வந்திருந்தது. அதனால் டாக்டர் லம்ராணி அவன்மீதே எரிந்து விழுந்தார். "இங்க நாங்க பாக்குறப்ப முழுங்குற. வீட்டுல துப்புற, அப்படித்தானே?"



வழக்கமாக ரத்தக் குப்பிகளை வாசலில் வைத்துவிட்டுப் போகும் ரக்கியா, அன்று ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள். உள்ளே தாளில் சுற்றிய மத்தி மீன். தட்டெல்லாம் மீன் தண்ணீர். போன வாரம் அவள் கொடுத்த குப்பிகள் சன்னலோரம் வெயிலில் கறுத்து நாறிக் கிடந்தன. மேசையில் விரித்திருந்த பதிவேட்டில், இன்றைய தேதியில், மீலூத்தின் பெயருக்கு நேரே, 'அளவு சரி.'

"ஐயா, ரத்தம் இன்னும் என் கையில இருக்கு!"

ஆய்வுக்கூடத் தலைவர் புஷ்தா புதினாத் தேநீரை உறிஞ்சினார். "எல்லாருக்கும் அதேதாம்மா வரும். புறாப் பீயில நிக்கிறவன் ரத்தத்துல என்ன, அத்தரா கிடைக்கப் போகுது?"

இங்கே வேலை நடப்பதில்லை என்று ஒரு வருடமாகவே ரக்கியாவுக்குச் சந்தேகம். நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டாள். தன்மேலேயே அருவருப்பு வந்தது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"முடிவ வாங்கிக்கிட்டு நீ போட்ட கையெழுத்தும் அதுல இருக்கு, மறந்துடாத!" என்று புஷ்தா கத்தினார்.

"இருக்கட்டும். எனக்கும் சேத்தே தண்டனை தரட்டும்."

அவள் காட்டிய பதிவேட்டைப் பார்த்த டாக்டர் புதிதாக ரத்தம் எடுத்து, பனிக்கட்டியில் வைத்துத் தலைநகர் ரபாத்துக்கு அனுப்பினார். தேவையான மருந்தில் பாதிகூட மீலூத்தின் ரத்தத்தில் சேர்ந்திருக்கவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். இரண்டு மாதத்தில் இருமல் அடங்கியது. ஆனால் அதற்குள் நோய் மகளையும் பிடித்துவிட்டது. புஷ்தாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். ரக்கியாவுக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம்.

"அவர் பண்ணுனதுக்கு உங்களுக்கு ஏன்க்கா கடுதாசி?" என்று மீலூத் கேட்டான்.

அவன் மகளின் கையில் மாத்திரையை வைத்தபடி ரக்கியா சொன்னாள்: "சோதிக்காம எழுதுறது சோம்பேறித்தனம் இல்ல மீலூத், கொலை. தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தவ அந்தக் கொலைக்குக் கூட்டு."