முத்துப்பேச்சிக்குக் கட்டின பாட்டு

அந்தப் பாட்டு பிறந்த கதையை ஒருநாள் வானொலியில் சொன்னார்கள். ஏலமலையில் ஒரு கல்யாண வீடாம். தாய் ஒருத்தி மகளுக்குப் பூ முடித்துக்கொண்டே வாய்க்கு வந்ததைப் பாடினாளாம். அந்த வழியாகப் போன சினிமாக்காரர் ஒருவர் அதைக் கேட்டுச் சொக்கிப்போய் அப்படியே டேப்பில் பிடித்துக்கொண்டு போனாராம். "அந்தத் தாயோட பூரிப்பைத்தான் நீங்க பாட்டுல கேக்குறீங்க" என்று அவரே தன் வாயால் சொன்னார்.

போடி பஸ் நிலையத்து டீக்கடையில், மலைக்குப் போகிற ஜீப்புக்காகத் தூக்குவாளியோடு நின்றிருந்த குருவம்மாள் அதைக் கேட்டாள். பூரிப்பாம்! டீக்கடைக்காரர் பாட்டோடு சேர்ந்து தலையை ஆட்டிக்கொண்டே வடை எடுத்தார். குருவம்மாள் தூக்குவாளியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தத் தாய் அவள்தான். பூ முடித்ததும் உண்மைதான். முடித்தது பிணத்துக்கு.

மூத்தவள் முத்துப்பேச்சிக்குப் பரிசம் போட்டு, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. ஐப்பசி மழையில் ஏலக்காய் எடுக்கப் போன இடத்தில், நிழலுக்கு விட்டிருந்த பெருமரத்தின் கிளை ஒன்று முறிந்து அவள் மேல் விழுந்தது. ஜீப்பில் போட்டுச் சொந்த ஊரான சிலமலைக்குக் கொண்டுவந்தார்கள். குருவம்மாளின் புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தான். ஆண் துணை என்று இருந்தது கூடப்பிறந்த அண்ணன் மலைச்சாமி ஒருவன்தான். அவனுடைய ஜீப்தான் மகளைக் காலையில் உயிரோடு ஏற்றிக்கொண்டு போனது, சாயங்காலம் பிணமாக இறக்கியது. இளையவள் பொன்னுமணி சின்னப் பிள்ளை, பயந்துவிடுவாள் என்று ராசிங்காபுரத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணை அங்கே மணப்பெண்ணாகத்தான் தூக்குவார்கள். கூறைப்புடவை கட்டி, பூ முடித்து, மாலை போட்டு. ஒப்பாரியும் அப்படித்தான். நடக்காத கல்யாணத்தை நடந்த மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே வரியில் போட்டு உடைப்பார்கள். குருவம்மாள் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கட்டினாள்:

பச்ச ஓலப் பந்தலிட்டேன் – எம் மகளே
பட்டெடுத்து மடிச்சு வச்சேன்
ஏலக்கா மால கட்டி – எம் மகளே
எதிர்வாசல் காத்து நின்னேன்
கொட்டுமேளம் கூட்டி வந்தேன் – எம் மகளே
குலவ போட ஆள் அழைச்சேன்
மாப்பிள்ளைக்குக் குடுக்காம – எம் மகளே
மண்ணுக்குத்தான் குடுத்தேனே

சிலமலைப் பெண்கள் அத்தனை பேரும் அன்றைக்கு மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். தேவாரத்திலிருந்து வந்தவர்கள்கூட அந்தக் கடைசி வரியில் உட்கார முடியாமல் எழுந்து வெளியே போனார்கள்.

இழவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது. வைத்தால் அடுத்த இழவைக் கூப்பிட்ட மாதிரி. அதுவும் இளையவள் விளையாடிக்கொண்டிருக்கிற வீட்டில் குருவம்மாள் எப்படி வாய் திறப்பாள்? அதனால் மலையில்தான் அழுவாள். மறுபடியும் அதே தோட்டத்துக்கே காய் எடுக்கப் போனாள். மகள் விழுந்த சரிவுக்கு வரும்போது மற்ற பெண்களைக் கொஞ்சம் முன்னே போகவிட்டு, செடி மூட்டில் உட்கார்ந்து கை காயைப் பறிக்க வாய் பாட்டைப் பாடும். பாடி முடித்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தால் மறுநாள் வரைக்கும் தாங்கும். பிழைப்பு அப்படித்தான் ஓடியது.

பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். அந்தக் காலத்தில் போடியைச் சுற்றி எந்தப் பாறையில் பார்த்தாலும் யாராவது குடையும் கேமராவுமாக நின்ற நேரம். மலைச்சாமியின் ஜீப்பையும் வாடகைக்குப் பிடித்தார்கள். மலை மேல் பூசை போட்டுப் படம் தொடங்கிய முதல் நாள். மெட்ராஸிலிருந்து பாட்டு வேலைக்கு வந்த ஒருவர், மலைக்காட்டு மெட்டு ஏதாவது கிடைக்குமா என்று டேப் ரிக்கார்டரும் கையுமாக அவன் ஜீப்பில் சுற்றிக்கொண்டிருந்தார். சரிவுக்கு மேலே வண்டி நின்ற நேரம், கீழே குருவம்மாளின் குரல் கேட்டது.

"என்னப்பா பாட்டு இது? என்னமோ பண்ணுதே!" என்றார் அவர்.

மலைச்சாமி சட்டென்று கணக்குப் போட்டான். பூசை போட்ட முதல் நாளில் ஒப்பாரி காதில் விழுந்தது என்று தெரிந்தால் சகுனத் தடை என்று படப்பிடிப்பையே நிறுத்திவிடுவார்கள். முதலில் அனுப்பப்படுவது அவனும் அவனுடைய ஜீப்பும்தான். வாயில் வந்த பொய்யை விட்டான்.

"கல்யாணப் பாட்டுத்தான் சார்."

"அந்தம்மா அழுற மாதிரி இருக்கே?"

"மக கல்யாணம் கட்டிப் போயிட்டா சார். அந்த நெனப்பு. ஏந்தங்கச்சிதான்."

டேப்பில் பிடிக்க வேண்டும், கூட்டி வா என்றார் அவர். மலைச்சாமி ஒரு பொய்யோடு விட்டானா? சரிவில் இறங்கிப் போய்த் தங்கையிடம் வேறு பொய் சொன்னான்.

"குருவு, ஒம் பாட்டக் கேட்டு அந்தாளு உருகிப் போயிட்டாரு. படத்துல ஒரு சாவு வருதாம். அதுக்கு இந்தப் பாட்டத்தான் வைக்கணுமாம். ஒருக்காப் பாடு."

குருவம்மாள் முதலில் மாட்டேன் என்றாள். "எம் மக எழவு என்ன வேடிக்கையாண்ணே?"

"அட, கேளு. கொட்டகைக்குக் கொட்டகை, ஊருக்கு ஊரு சனம் ஒக்காந்து நம்ம பேச்சிக்காக அழும். ராசா வீட்டுப் பொண்ணுக்குக் கூட அப்பிடி அழுக மாட்டாக."

அந்தச் சொல்தான் அவளைக் கவிழ்த்தது. முத்துப்பேச்சி செத்து ஊர் அழுதது ஒரு பகல். அடுத்த வாரமே எல்லாரும் அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள். தான் ஒருத்தி மட்டும் காட்டில் உட்கார்ந்து திருட்டுத்தனமாக அழ வேண்டியிருக்கிறது. உலகம் முழுக்க அழுதால் என்ன? அழட்டுமே. எம் மகளுக்கு அந்தக் கொடுப்பினையாவது இருக்கட்டும் என்று நினைத்தாள். ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்று, டேப்பைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்துப் பாடினாள்.

'குலவ போட ஆள் அழைச்சேன்' என்ற வரி முடிந்தது. கடைசிக் கண்ணிக்கு அவள் மூச்சை இழுத்த நேரம் மலைச்சாமி ஹாரனை அழுத்தினான். நீளமாக அழுத்தினான்.

"அம்புட்டுத்தான் சார், பாட்டு முடிஞ்சுருச்சு. பனி எறங்குது. வெரசாப் போகணும்."

படம் போடியில் வந்தபோது குருவம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, சுத்தமான சேலை கட்டிக்கொண்டு, மலைச்சாமியோடு முதல் வாரமே போனாள். கோயிலுக்குப் போவதுபோலத்தான் போனாள். படத்தில் ஒரு கிழவர் செத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாட்டு வரவில்லை. ஒரு மாடு செத்தது. அதற்கும் வரவில்லை. இடைவேளை முடிந்து, கதாநாயகிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் திரை முழுக்க ஏலத்தோட்டம் வந்தது. கூட்டமாகப் பெண்கள் கூடையைச் சுற்றிக்கொண்டு ஆட, கதாநாயகி ஓடி வர, 'பச்ச ஓலப் பந்தலிட்டேன்' என்று பாட்டு துள்ளிக்கொண்டு கிளம்பியது. எம் மகளே என்ற இடத்தில் என் மயிலே என்று போட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் அவள் சொல்தான், அவள் மெட்டுத்தான். குலவை வரி முடிந்ததும், அன்றைக்கு ஹாரன் அடித்த இடத்தில், நாதஸ்வரம் எழுந்தது. கொட்டகை விசிலில் அதிர்ந்தது. ஒருவன் துண்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான்.

குருவம்மாள் எழுந்து ஆட்களின் காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்தாள். மலைச்சாமி பின்னாலேயே ஓடி வந்தான்.

"ஏண்ணே, சாவுக்குன்னுதான சொன்ன?"

"சாவுப் பாட்டுன்னு சொன்னா அந்தாளு காது குடுத்துக் கேட்டுருப்பாரா? பூச போட்ட நாளு, வண்டிய விட்டே எறக்கி விட்டுருப்பாக. இப்ப என்ன கெட்டுப் போச்சு? நம்ம பேச்சி பாட்டு நாடே பாடுது."

"நாடே ஆடுதுண்ணே" என்றாள் அவள். அதோடு அவனுடன் பேச்சை நிறுத்தினாள்.

பாட்டு நிற்கவில்லை. கல்யாண வீடு என்றால் அந்தப் பாட்டு இல்லாமல் பந்தக்கால் ஊன்றுவதில்லை என்றாகிவிட்டது. சிலமலைக்காரர்கள் முதலில் கூசினார்கள். "மக எழவத் தூக்கிச் சினிமாவுக்குக் குடுத்துட்டாளே" என்று குருவம்மாளின் காதுபடவே பேசினார்கள். ஊர்க் கூச்சத்துக்கு எத்தனை நாள் ஆயுசு? அந்தப் பிணத்தின் தலைமாட்டில் மாரில் அடித்துக்கொண்ட அதே பெண்கள், தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அதே பாட்டைப் போடச் சொல்லிப் பாயாசம் பரிமாறினார்கள். குருவம்மாள் கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டாள். அதைவிடக் கொடுமை, மலைச்சரிவிலும் அவளால் பாட முடியவில்லை. ஒருநாள் வாயைத் திறந்தாள். நாலு செடி தள்ளி நின்ற பெண்கள் கைதட்டிக்கொண்டு கூடச் சேர்ந்து பாடினார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும், கம்பம் பக்கமிருந்து புதிதாக வந்தவர்கள். அன்றோடு அழுகையும் நின்றது. பொன்னுமணியிடம் அவள் எதையும் சொன்னதில்லை. அந்தப் பேச்சையே வீட்டில் எடுப்பதில்லை; ஊராரும் அதைச் சின்னப் பிள்ளையின் காதில் போடவில்லை.

பொன்னுமணிக்கு மாப்பிள்ளை தேவாரத்தில் அமைந்தான். தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் ஏது? குருவம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு மலைச்சாமி வீட்டுப் படியேறி வெற்றிலை பாக்கு வைத்தாள். ரேடியோ செட்டுக்காரன் பால்சாமியையும் முன்கூட்டியே பார்த்தாள்.

"தம்பி, எம் வீட்டுல அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம்ப்பா."

பால்சாமி உள்ளூர்க்காரன், எல்லாம் தெரிந்தவன். "அந்தக் கேசட்டப் பொட்டியிலயே அடியில போட்டுர்றேன்க்கா" என்றான்.

தாலியறுத்தவள் மணவறைப் பக்கம் வரக் கூடாது என்பதால், குருவம்மாள் பந்தலின் கடைசியில், செட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். முன்னே தாய்மாமன் மரியாதையோடு, பட்டுத் துண்டும் சந்தனமுமாக மலைச்சாமி நின்றான். தாலி எடுத்து எல்லாரிடமும் காட்டிக்கொண்டு வந்தார்கள். அப்போது பால்சாமி அவள் பக்கமாகக் குனிந்தான்.

"அக்கா, பொண்ணே சொல்லி விட்டுருக்கு. தாலி கட்டும்போது அந்தப் பாட்டுத்தான் வேணுமாம். நான் என்ன செய்யட்டும்?"

குருவம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மணவறையில் பொன்னுமணி கழுத்தை நீட்டி, போடு போடு என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். இது இழவுப் பாட்டு என்று தேவாரத்துச் சம்பந்தக்காரர்கள் முன்னால், தாலி தட்டில் இருக்கும்போது சொல்ல முடியுமா?

"போடு" என்றாள்.

பந்தலிட்டு, பட்டெடுத்து, மாலை கட்டி, மேளம் கூட்டிப் பாட்டு வந்தது. குலவை வரி முடிந்து நாதஸ்வரம் எழுந்தது. தாலி ஏறியது, அரிசி பறந்தது. குருவம்மாளின் வாய்க்குள் அந்தக் கடைசி வரி வந்து முட்டியது. கையெட்டும் தூரத்தில் மைக் இருந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, இத்தனை வருஷத்து அழுகையையும் அழுதாள். "ஆனந்தக் கண்ணீரு, அழட்டும் விடுங்க" என்றாள் ஒரு தேவாரத்துக்காரி.

மாலையும் கழுத்துமாகக் காலில் விழ வந்த பொன்னுமணி, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுகாதம்மா. மாமா எல்லாம் சொன்னாரு. அக்கா கல்யாணத்துக்குப் பாடணும்னு நீ ஆசையாக் கட்டி வச்ச பாட்டாம்ல? அவளுக்குப் பாட முடியாமயே போச்சாம்ல? அதான் எனக்காவது இருக்கட்டும்னு போடச் சொன்னேன். கல்யாணப் பாட்டுத்தானம்மா இது?"

அவள் தோளுக்குப் பின்னால் மலைச்சாமி நின்றான். சந்தனம் வழிகிற முகத்தைத் தாழ்த்திக்கொண்டான்.

குருவம்மாள் மகளின் கழுத்தில் ஈரம் காயாத மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள்.

"ஆமாத்தா" என்றாள். "கல்யாணப் பாட்டுத்தான்."