மெழுகுத் துணி

என் அண்ணனுக்கு ஒரு வியாதி உண்டு. யார் செய்த வேலையானாலும் வாயைத் திறந்தால் "நான்" என்பான். "நான் கட்டின ஜெட்" என்று மைதானத்துக்கு வந்திருந்த அத்தனை பேரிடமும் சொல்லியாகிவிட்டது. மூன்று மீட்டர் நீளம், இருபது கிலோ எடை, வயிற்றுக்குள் நிஜமாகவே எரியும் ஒரு குட்டி டர்பைன், ஓட்டுவதற்கு ரிமோட். பதினான்கு மாத உழைப்பு. அதில் அவன் பங்கு பெயின்ட்டும் பேச்சும்தான்.

உடம்பைக் கட்டியவள் நான். ஃபைபர் தண்ணீர்த்தொட்டி செய்யும் பட்டறையில் எனக்கு வேலை. பாகங்கள் வந்த பெட்டியைப் பிரித்துப் பொருத்திப் பார்த்த அன்று ஜெட்டின் வாலை ஒரு விரலால் தள்ளினேன், ஆடியது. அந்த லட்சணத்தில் முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால் வால் ஒரு பக்கம், விமானம் ஒரு பக்கம். அதனால் வாலின் அடியைச் சுற்றி இரண்டு அடுக்கு கார்பன் துணியை ரெசின் பசையில் நனைத்து ஒட்டினேன். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து வைக்க அண்ணனிடம் சொல்லியிருந்தேன். கட்டுமானத்தில் அண்ணன் கை பட்டது அங்கே மட்டும்தான்.

இன்று முதல் பறப்பு. கயிற்றுக்கு அப்பால் நாற்பது பேர். முன்வரிசையில் அண்ணி, அவள் மடியில் பாப்பா. மாடல் விமான கிளப்பின் பரிசோதகர் கையெழுத்துப் போட்டால்தான் பறக்கலாம். விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அவர், இரண்டு ஜெட் தள்ளி நின்று வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு மஞ்சள் துணியால் எங்கள் ஜெட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தான்.

"அந்தத் துணி என்ன மெழுகு நாத்தம் அடிக்குது?"

"கார் பாலிஷ் துணி. எப்பவும் இதாலதான் தொடைப்பேன்."

அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். "எப்பவும்னா? நான் வால் ஒட்டறதுக்கு முன்னாடியுமா?"

"அசிட்டோன் வாடைக்குத் தலைவலிக்குது. தூசி போனா போதாதா?"

மெழுகு பட்ட இடத்தில் ரெசின் ஒட்டாது. தொட்டி அச்சிலிருந்து கழன்று வரவேண்டும் என்பதற்காகவே பட்டறையில் அச்சுக்கு மெழுகு பூசுகிறோம். இதை இவனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! காதில் வாங்கினால்தானே. ஒட்டியதும் தட்டிப் பார்க்காமல் இவனை நம்பிய என்னையும் செருப்பால் அடிக்கவேண்டும்.

ஒரு நாணயத்தை எடுத்து ஜெட்டின் உடம்பு நெடுகத் தட்டிக்கொண்டே போனேன். டக், டக், டக். வாலின் அடிக்கு வந்ததும் டொக். மறுபக்கமும் டொக். ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் துணியின் சத்தம் அது.

"ஏய், பெயின்ட் போயிடும்!"

"இது பறக்கக் கூடாதுண்ணா."

"மெதுவா பேசு, எல்லாரும் பாக்கறாங்க. இன்னிக்கு ஒரு தடவை பறக்கவிட்டுட்டு அப்புறம் பாத்துக்கலாம்."

"வால் கழண்டா இது எங்க போய் விழும்? உன் பொண்ணு அங்க உக்காந்திருக்கா."

"அபசகுனமா பேசாத. வாயை மூடு."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பரிசோதகர் பக்கத்தில் வந்து நிற்பதும் தெரிந்தது. வாலை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி இழுத்தேன். ஒரு நொடி தாங்கியது. பிறகு சர்ரென்று, ஸ்டிக்கர் உரிவதுபோல் துணியும் வாலுமாக முழுசாக என் கையோடு வந்துவிட்டது. நான் ஒட்டிய துணியில் ஒரு இழைகூடக் கிழியவில்லை. அதன் அடிப்பக்கம் வழவழவென்று மின்னியது. பதினான்கு மாதம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அத்தனையும் ஆத்திரம்.

பரிசோதகர் குனிந்து அந்த வழவழப்பை விரலால் தடவினார். "யாரு இதைக் கட்டினது?"

முதல் முறையாக அண்ணன் வாயில் "நான்" வரவில்லை. என்னைக் காட்டினான். "என் தங்கச்சிதான் சார். எல்லாமே இவதான்."

"ஆமா சார், நான்தான் கட்டினேன்," என்றேன். மஞ்சள் துணியை எடுத்து அவர் மூக்கருகே நீட்டினேன். "தொடைச்சது மட்டும் எங்க அண்ணன்."