பச்சைக் குச்சி

கடைக்கால் தோண்ட மண் அள்ளும் வண்டி வந்து நின்ற காலையில்தான், மனையின் மேற்கு மூலையில் அடித்திருந்த குச்சி துளிர்த்திருப்பதை வீட்டுக்காரியான அவளும் மற்ற எல்லோரும் பார்த்தார்கள். சுற்றிப் புல் மண்டிக் கிடந்ததில் அது இத்தனை நாளும் யார் கண்ணிலும் படவில்லை. இடுப்பளவு உயரத்தில், இதய வடிவ இலைகளோடு, நூல் கட்டின முடிச்சு இன்னும் கழுத்தில் இருக்க, ஒரு பூவரசு நின்றது.

கட்டட வேலையில் சில தப்புகள் செய்யவே கூடாது. மூலைக்குப் பச்சைக் குச்சி அடிப்பது அதில் ஒன்று. காயக் காயச் சுருங்கும், ஆட்டம் காணும், நூல் விலகும், சுவர் கோணிக்கொள்ளும். இதற்காகவே எத்தனையோ பேரை வாய்க்கு வந்தபடி திட்டிய கொத்தனார் அவள் வீட்டுக்காரர். சொந்த வீட்டுக்குக் குறி போட்ட அன்று பார்த்து ஒரு காய்ந்த குச்சி குறைந்தது. தெருமுனை மரத்தில் கிளை ஒன்றை வெட்டிச் சீவி அடித்துவிட்டு, "நாளைக்கு மாத்திடறேன். வெளிய சொல்லிடாதே, மானம் போயிடும்" என்று சிரித்தார். மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை. வேலை நின்றது. மழை வந்து போனது.

"கையோட பிடுங்கிப் போடுங்க" என்றார் கொழுந்தனார். பாதி மனை அவருடையது.

"தொடாதீங்க" என்றாள் அவள்.

வீட்டுக்காரரோடு சேர்ந்து கல் அடுக்கிய கூட்டாளிக்கு ரசமட்டம் என்று பேர். சுவர் மட்டம் பார்க்க அந்தக் கருவியே தேவையில்லை, அவன் கண் போதும். நடைதான் ஒரு பக்கமாகச் சாயும். அவன் குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தான்.

"வேர் பிடிச்சிருக்கு, தங்கச்சி. நல்லாவே பிடிச்சிருக்கு."

"அதான் நானும் சொல்றேன்!" கொழுந்தனார் குரல் ஏறியது. "இன்னிக்கு வேர். நாளைக்கு அது அஸ்திவாரத்துல பூந்தா? சுவர் பிளந்தா யார் தலையில விழும்? ஒரு குச்சிக்காக வீட்டையே மாத்துவாங்களா அண்ணி? கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவங்களா உள்ளே படுக்கப் போறாங்க?"

"இது மரமாகி நிழல் தர்றப்போ நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன்."

"அஸ்திவாரத்தை எத்தனை காலத்துக்குப் போடறீங்க தம்பி? பேரன் பேத்தி காலத்துக்கும் நிக்கணும்னுதானே ஆழமாத் தோண்டறீங்க? சுவர் அவங்களுக்கு இருக்கலாம், நிழல் இருக்கக்கூடாதா?"

அவள் நூல்கண்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். கொழுந்தனாரும் பின்னாலேயே வந்தார். தெருமுனையில், கிளை கொடுத்த தாய்மரம் டீக்கடைக் கூரைக்கு மேல் குடை பிடித்திருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்து, நூலைச் சுற்றி அளந்தாள்.

"என்னக்கா, மரத்துக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றான் கடைக்காரன்.

"ஆமாப்பா. வளர்ற பிள்ளை, கொஞ்சம் தொளதொளன்னு தைக்கணும்."

நூலைப் பிடித்தபடியே வேரைப் பார்த்துக்கொண்டு எட்டு வைத்தாள். தரைக்கு மேல் முண்டும் முடிச்சுமாகக் கிடந்த வேர் எங்கே மண்ணுக்குள் அமிழ்கிறதோ, அங்கே ஒரு முடிச்சுப் போட்டாள். அதையும் தாண்டி ஒரு எட்டு வைத்து இன்னொரு முடிச்சு. கொழுந்தனாரும் ஒரு காலத்தில் இதே வேலை செய்தவர்தான். வேர் ஓடும் தூரத்துக்குச் சுவரைத் தள்ளிப் போடத்தான் இந்த அளவு என்று புரிந்துவிட்டது.

மனைக்குத் திரும்பி, கன்றிலிருந்து கடைசி முடிச்சுவரை நூலை நீட்டினாள். மூலை உள்ளே ஒடுங்கியது. சுவர் சாய்வாக வெட்டிக்கொண்டு போக வேண்டும்.

"சாய்வுக் கோட்டுக்கு நூல் முனையைப் பிடிங்க தம்பி."

"நான் பிடிக்க மாட்டேன்." கொழுந்தனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் சுற்றிப் பார்த்தாள். நேராகப் போய், மண் அள்ளும் வண்டியின் இரும்புப் பல்லில் நூலைக் கட்டினாள். கன்றைப் பிடுங்க வந்த பல்.

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "அக்கா, நான் என்ன பண்ணணும்?"

"சும்மா இருக்கணும். ஆடினா கோடு கோணிடும்."

அவர் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்.

ரசமட்டம் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே போனவன் பாதியில் நின்றான். "தங்கச்சி, இது அவனுக்கும் உனக்கும் போட்ட ரூம். இப்படி வெட்டினா ரெண்டு கட்டில் போட முடியாது."

"தெரியும். தம்பி பாகத்துல விரற்கடைகூடக் குறையக்கூடாது. குறையறது என் ரூம்தான்." அவள் நூலைச் சுண்டி இறுக்கினாள். "எனக்கு ஒரு கட்டில் போதும். கோடு போடு."

கொழுந்தனார் வந்து, வண்டியின் பல்லிலிருந்து நூலை அவிழ்த்துத் தன் கையில் சுற்றிக்கொண்டார். "பாவம், அந்த ஆளுக்கு வேலை ஓடணும்ல" என்றார், யாரையும் பார்க்காமல். "வேர் உள்ளே வந்தா மட்டும் அப்புறம் நான் சும்மா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"சும்மா இருக்காதீங்க. கத்துங்க. நானும் கத்தறேன்."

பழைய மூலை போனதால் இப்போது இரண்டு மூலை. ரசமட்டம் பையிலிருந்து இரண்டு குச்சிகளை எடுத்தான். அவள் அவற்றை வாங்கி நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தாள்.

"காய்ஞ்சதுதான். என்னையே சந்தேகப்படறியா?"

"உன் கூட்டாளியை நம்பித்தான் இந்தக் கதி. இன்னொண்ணும் துளிர்த்தா எனக்கு அந்த ஒரு கட்டிலும் போட இடமிருக்காது."

"துளிர்த்துட்டா?"

அவள் சுத்தியலை ஓங்கினாள்.

"வெளிய படுத்துக்கறேன். அடிக்கிறேன், நேராப் பிடி."