அண்ணாச்சியை வீட்டில் கொண்டுவிட்டது

எங்கள் கம்பெனியில் யார் ரிட்டயர் ஆனாலும் கடைசி நாள் சாயங்காலம் மாலை போட்டு, எல்லோருமாக வீடுவரை போய் விட்டுவிட்டு வருவோம். வீட்டுக்காரர்கள் சாயாவும் பழம்பொரியும் தருவார்கள். மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் விற்கிற சின்னக் கம்பெனிதான், ஆனாலும் இந்த வழக்கத்தை மட்டும் நாங்கள் விட்டதில்லை. சுடலைமணி அண்ணாச்சி ரிட்டயர் ஆனபோதுதான் சிக்கல். வீட்டிலேயே இருந்து வேலை பார்க்கிறவரை எங்கிருந்து எங்கே கொண்டுபோய் விடுவது?

கொரோனா சமயத்தில் போனிலேயே வேலைக்குச் சேர்ந்தவர் அவர். தமிழ்நாட்டு வியாபாரிகளிடம் விலை பேசுவது, ஆர்டர் பிடிப்பது, லாரி வந்து சேர்கிறவரை டிரைவர்களை விரட்டுவது, எல்லாம் கும்பளங்கி வீட்டிலிருந்துதான். கும்பளங்கி ஒன்றும் துபாய் இல்லை, பக்கத்து ஊர்தான். ஆனாலும் தினமும் போனில் பேசுகிற நானே அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அந்தக் கனத்த குரலுக்கு ஆறடி உயரமும் பெரிய மீசையும் நானாகவே வைத்திருந்தேன்.

முதலாளி மகன் ஹரிஷங்கருக்கு எல்லாவற்றுக்கும் லேப்டாப் போதும். வீடியோவில் ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசுவோம், பரிசு வாட்சைக் கூரியரில் அனுப்புவோம் என்றார். அண்ணாச்சி ரெண்டையும் வேண்டாம் என்றுவிட்டார். கடைசி நாள் தானே ஆபீசுக்கு வருவதாகவும், சாயங்காலம் எல்லோரும் தன்னை வீட்டில் கொண்டுவிட வேண்டும் என்றும் கேட்டார். வெளிச்சம் இருக்கும்போதே போக வேண்டுமாம். காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, மாலையோடு நடந்து போக வேண்டுமாம்.

வீட்டிலிருந்து வந்து, திரும்ப வீட்டுக்கே போவதற்கு இத்தனை நிபந்தனையா என்று ஹரிஷங்கர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு விஷயம் புரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஏதாவது நேர்த்திக்கடனா? வீட்டம்மாவோடு சண்டையா? ஊர்வலம் போகிற ஆசையா? போனில் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். அவர் சுக்கு விலையைக் கேட்டுப் பேச்சை மாற்றினார்.

கடைசி நாள் காலையில் வந்து நின்றவர் என் தோள் உயரம்தான் இருந்தார். மீசையே இல்லை. தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் டிபன் பாக்ஸ். அவருக்கென்று ஆபீசில் நாற்காலிகூடக் கிடையாது. கணக்கு எழுதுகிற அல்தாஃப் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு மிளகு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டான். அண்ணாச்சி அன்றைக்கும் வழக்கம்போல டிரைவர்களைப் போனில் விரட்டிக்கொண்டிருந்தார். சாயா நேரத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க தெருவுல என் பேரே யாருக்கும் தெரியாதும்மா. பாக்கியலக்ஷ்மி வீட்டுக்காரன், அவ்வளவுதான். அவ விடிஞ்சதும் ஹோம்ஸ்டேக்குச் சமைக்கப் போயிருவா. நான் கைலியக் கட்டிக்கிட்டு வராந்தாவுல போன் பேசிட்டிருப்பேன். பொண்டாட்டி சம்பாதிச்சுப் போடுதா, இவன் நாள் பூரா கதை பேசுதான்னு சொல்லுதாங்க."

"நீங்க ஜோலி பாக்கிறத அவங்ககிட்ட பறயலாமே, அண்ணாச்சி?"

"சொன்னேனே. போன் பேசுறதுக்கு எவன் சம்பளம் தாரான்னு சிரிச்சாங்க. இன்னிக்கு ஒரு நாள், நாலு பேர் என்னைய வேலையிலேர்ந்து கூட்டிட்டு வர்றத அவங்க பாக்கணும். இன்னிக்கு விட்டா அதுக்கு வழி இல்ல."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஊர்வல ஆசை என்று நினைத்தேனே!

வெயில் தணிந்தது, பூமாலையும் வந்துவிட்டது. ஹரிஷங்கர் மட்டும் கண்ணாடி அறைக்குள் வெளிநாட்டுக்காரன் எவனோடோ பேசிக்கொண்டே இருந்தார். ரெண்டு முறை எட்டிப் பார்த்தேன். அஞ்சு நிமிஷம் என்று விரலைக் காட்டினார். அந்த அஞ்சு நிமிஷம் நீண்டுகொண்டே போனது. அண்ணாச்சி வெளிச்சத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தபடி, மடியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. உள்ளே போய், பேசிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பை மூடிவிட்டேன். நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா என்று அப்போது தோன்றவேயில்லை. ஹரிஷங்கர் என்னை முறைத்தார். நான் வெளியே கையைக் காட்டினேன். அவர் அண்ணாச்சியைப் பார்த்தார், கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

கும்பளங்கி போய்ச் சேரும்போது கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. தெருமுனையில் இறங்கி மாலையைப் போட்டோம். ஆனால் தெருவில் ஒரு ஈ காக்கா இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, உள்ளே டிவி சத்தம். அண்ணாச்சி மெதுவாக நடந்தார், பிறகு இன்னும் மெதுவாக. ஒரு வீட்டின் முன்னால் நின்று சும்மாவே இருமினார். யாரும் வரவில்லை. இவ்வளவு தூரம் வந்து இப்படியா ஆக வேண்டும்?

அல்தாஃபைப் பார்த்தேன். அவன் திரும்பிக் காருக்கு ஓடினான். ஹாரனில் வைத்த கையை அவன் எடுக்கவேயில்லை. திட்டுவதற்காகத்தான் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. திறந்தவர்கள் மாலையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். பாக்கியலக்ஷ்மி அக்கா கேட்டருகே வந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

எதிர்வீட்டுச் சேச்சி படியிறங்கி நேராக அண்ணாச்சியிடம் வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"சேட்டா, ஜோலி கிட்டியோ?"

வேலை கிடைத்துவிட்டதா என்றுதான் கேட்டாள். பக்கத்து ரிசார்ட்டில் வாட்ச்மேன் வேலைக்கு இவருக்காகத் தானே சொல்லி வைத்திருந்ததாகவும் சொன்னாள். கெட்ட மனசு இல்லை, பாவம். ஹரிஷங்கர் முன்னால் வந்து, இவர் எங்கள் கம்பெனியில் இத்தனை வருஷமாக வேலை பார்த்தவர், இன்றைக்கு ரிட்டயர் ஆகிறார் என்று தெருவுக்கே கேட்கும்படி மலையாளத்தில் சொன்னார். அந்த ஒன்றுக்காக அவரை நான் மன்னித்துவிட்டேன்.

சேச்சி எங்களையும் அண்ணாச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம், இனிமேல் என்ன செய்யப் போகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டாள்.

அண்ணாச்சி மாலையைச் சரிசெய்துகொண்டார்.

"இனிமேதான் சேச்சி, வீட்டுல சும்மா இருக்கணும்."