ஜெபத்தில் வைத்த துணி

இரும்பு கேட்டில் பூட்டை யாரோ ஓங்கி அடித்தார்கள். டங், டங், டங்!

பாயில் படுத்திருந்த சுகிர்தா அசையவில்லை. மதியம் ஒரு மணி. கொஞ்ச நேரம் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எட்டு மாதமாக வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் போனார்கள்.

"டெய்லரம்மா! ஃபேன் ஓடுற சத்தம் தெருவுக்குக் கேக்குது. எழுந்து வாம்மா!"

எல்லம்மாள்! கே.ஜி.கண்டிகையில் கரும்பு போட்டிருப்பவள். மகன் அருண்பாண்டியன் அரக்கோணம் ரோட்டில் பைக்கோடு விழுந்து, கால் பிழைத்து நடக்கிறான். அதற்காக நாளை ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுக்கிறாள். கோடித் துணி உடுத்தி மலை ஏறுவதாக வேண்டுதல். மஞ்சள் ஜாக்கெட் துணியை மூன்று வாரத்துக்கு முன்பே கேட் கம்பி வழியாகக் கையில் திணித்துவிட்டுப் போனாள். அது கொடுத்த பையிலேயே மெஷினுக்கு அடியில் கிடக்கிறது.

சுகிர்தா கேட்டைத் திறந்தாள்.

"இன்னாம்மா இது, தலைகூட வாராம? போன வாரம் போன்ல கேட்டதுக்கு 'ஜெபத்துல வெச்சிருக்கேன்க்கா'ன்னு சொன்ன. சாமி எதிர்ல வெச்ச துணிய எப்டி திருப்பிக் கேக்கறதுன்னு நானும் வாய மூடிகினு இருந்தேன். உங்க சாமியா இருந்தா மட்டும் பயம் இல்லியா? ஆனா விடிஞ்சா காவடிம்மா! உங்க பாதிரியார்கிட்ட சொல்லி எடுத்தாந்து தச்சிக் குடுத்துடு."

சுகிர்தாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுட்டது. சபையில் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். ஏன் ஆராதனைக்கு வரவில்லை, ஏன் கடை திறக்கவில்லை என்று யார் கேட்டாலும் 'ஜெபத்தில் வைத்திருக்கிறேன்' என்றால் போதும், மறுகேள்வி வராது. எல்லம்மாள் அதை அப்படியே நம்பி, துணி சர்ச் பீடத்தில் இருப்பதாக நினைத்துவிட்டாள்.

"ஆறு மணிக்கு வாங்கக்கா."

"ரெடியா இருக்குமா?"

"ஆங்... இருக்கும்."

"இல்லன்னா பழைய ஜாக்கெட்டோட முருகன் முன்னாடி நின்னு, உன் பேரத்தான் சொல்லுவேன், பாத்துக்க!"

அவள் போனதும் வீடு பழையபடி அடங்கியது. எதிர் மெஷின் போர்வை போர்த்திக் கிடந்தது. அது கணவன் எபநேசர் தைத்த மெஷின். எட்டு மாதம் முன்பு அவர் அடக்கம் முடிந்து இரண்டு வாரம் சபை ஆட்கள் வந்தார்கள், பாடினார்கள். பிறகு ஆறுதல் சொல்ல யாரும் கேட்டைத் தட்டவில்லை.

'கொஞ்ச நேரம்' என்று பாயில் சாய்ந்தாள். தெருவில் அரோகரா போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாக ஜனங்கள் மலைப் பக்கம் நடந்தார்கள். ஒருவருக்கும் இந்த வீட்டில் வேலை இல்லை. மணி இரண்டரை ஆகிவிட்டது.

எழுந்து முழங்கால் போட்டாள். ஒரு காலத்தில் சபைப் பெண்கள் கூடும் ஐக்கியத்தில் பத்து நிமிடம் மூச்சு விடாமல் ஜெபிப்பவள். இப்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் கிடைத்தது ஒரே வரி. "ஆண்டவரே, அந்தப் பைய எடுக்கணும். அதுக்கு மட்டும் பெலன் குடுங்க."

பையை எடுத்தாள்.

"அளந்து வெட்டணும், ஆண்டவரே."

வெட்டினாள்.

நூல் கோர்க்க ஒரு வரி, பாபின் சுற்ற ஒரு வரி. அடுத்த வேலைக்கு மேல் எதையும் கேட்கவில்லை. மனசு லேசாகிவிடவில்லை. மிதிக்கும்போதெல்லாம் கண் எதிர் மெஷினுக்குத்தான் போனது. நாலரை மணிக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். அப்படியே விட்டுவிட்டுப் படுக்கத் தோன்றியது.

"பிரிச்சித் தைக்கணும்," என்று வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே பிரித்தாள்.

ஆறு மணிக்கு எல்லம்மாள் வந்தபோது கடைசி ஹூக் முடிந்திருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஜாக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மூணு வாரம் உங்க சாமி முன்னாடி இருந்த துணியாச்சே!"

சும்மா தலையாட்டியிருக்கலாம். சுகிர்தாவால் முடியவில்லை.

"இல்லக்கா. அது இன்னிக்கு மத்தியானந்தான் ஆண்டவர் முன்னாடி வந்துச்சி. எட்டு மாசத்துல நானும் இன்னிக்குதான்."