நாற்பத்து நான்கில் காத்திருந்தவை

கணினியோடு டாக் பெட்டியை இணைத்து, "எக்ஸ்க்ளூசிவ்" என்ற இடத்தில் டிக் போட்டுவிட்டால், பாட்டு முடியும்வரை வீட்டில் வேறு எந்த ஓசையும் எழாது. குக்கர் விசில், வாசல் மணி, பேச்சு எல்லாம் பெட்டிக்குள் போய், வந்த வரிசைப்படி நின்றுகொள்ளும். பாட்டு முடிந்ததும் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒண்டிப்புதூரில் எங்கள் வீதியில் நான்கைந்து வீடுகளில் இப்படித்தான். தபால்காரர் மணியை அடித்துவிட்டு நிற்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அரைமணி கழித்து மணி கேட்கும். நாங்கள் போய்க் கடிதத்தை எடுத்துக்கொள்வோம்.

டாக் என்பது கணினியில் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி. நான் பஞ்சாலையில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்தவன். படிப்பு எட்டாவது. ஓய்வு பெற்ற பிறகு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையேடுகளைப் படித்து இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். சாதாரணக் குறுந்தகடு நாற்பத்து நான்கு என்ற வேகத்தில் ஓடும். அப்போது பெட்டியில் வெள்ளை விளக்கு எரியும். உயர்ந்த பதிவுகள் நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் ஓடும். அதற்கு நீல விளக்கு. வீட்டுப் பேச்சு எல்லோருக்கும் நாற்பத்து நான்குதான்.

நான் செய்த தவறு ஒன்று உண்டு. ஒரு பாட்டு முடிந்து, வரிசையில் நின்றவை வெளியே வருவதற்குள், அடுத்ததைப் போட்டுவிடுவேன். அதுவும் நீல விளக்கில். வேகம் மாறினால், நாற்பத்து நான்கில் நின்றவை அப்படியே நின்றுவிடும். மறுபடி அதே வேகத்துக்கு வந்தால்தான் அவற்றுக்கு வழி. கையேட்டில் பதினோராம் பக்கத்தில் இது இருக்கிறது. அந்தப் பக்கத்தில் படம் இல்லாததால் நான் படிக்கவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் முழுவதும் பாட்டுக் கேட்டுவிட்டு எழுந்தேன். வீட்டில் என் மனைவி பூவாத்தாள் இல்லை. டீ டம்ளரைத் தட்டு போட்டு மூடி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு மல்லிகா அவளைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது பேசுவதற்கான நேரம் முடிந்துவிட்டிருந்தது.

காரியத்தன்று அவளுடைய அண்ணன் ரங்கசாமி கேட்டார். "எங்கூட்டுப் புள்ள போறப்ப உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களா, மாப்பள?"

"சொல்லாமத்தான் போயிட்டா" என்றேன்.

கேட்ட எல்லோரிடமும் ஆறு வருடமாக அதையே சொல்லி வந்தேன். அதில் அவள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது. அதன் பிறகு நான் நாற்பத்து நான்கில் எதையும் கேட்கவில்லை. நீல விளக்கிலேயே இருந்துவிட்டேன்.

சென்ற மாதம் அலமாரியைத் துடைக்கும்போது பழைய நாதஸ்வரக் குறுந்தகடு ஒன்று கிடைத்தது. போட்டேன். வெள்ளை விளக்கு எரிந்தது. ஆனால் ராகம் இரண்டு மூச்சுக்கு ஒருமுறை கர்ரக் என்று அறுந்தது. கேபிளை மாற்றினேன். கணினியின் பின்பக்கத்துத் துளையில் செருகிப் பார்த்தேன். பெட்டியை ஓட்டும் டிரைவர் மென்பொருளை நீக்கி மறுபடி போட்டேன். எல்லாவற்றையும் அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போட்டேன். அறுந்துகொண்டேதான் இருந்தது.

சிங்காநல்லூரில் கணினி பழுது பார்க்கும் ரெஜினாவுக்குப் போன் செய்தேன். காலை பத்து மணிக்குத் தோள்பையோடு வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். செருப்பைக் கழற்றும்போதே, "டிக்கு டிக்குனு வருதுங்களா, கர்ரக்கு கர்ரக்குனு வருதுங்களாண்ணா?" என்று கேட்டார்.

"கர்ரக்கு."

"அப்ப உள்ள ஆளு நிக்குது" என்று உட்கார்ந்தார். திரையில் ஒரு பட்டியலைத் திறந்தார். "பதினேழு நிக்குதுங்கண்ணா. எல்லாம் ஒரே பொம்பளக் கொரலு. கடைசி ஒண்ணு மட்டும் நாலு நிமிசம் நீளம். செவ்வாக்கெழமை தேதி."

தேதியைப் பார்த்தேன். அந்தச் செவ்வாய்தான்.

"தொடச்சு விட்டா பத்து செகண்டுல செரியாயிருமுங்க. ஆனா எல்லாம் போயிரும். இல்லீனா ஒண்ணொண்ணா வெளிய விடோணும். ஒரு தடவதான் கேக்கும். கேட்டதுக்கு வேண்டியத நீங்க செஞ்சாத்தான் அடுத்தது நகரும்."

"விடுங்க" என்றேன்.

ஸ்பீக்கரில் பூவாத்தாள் வந்தாள். "ஏனுங்க, மோட்டார் போட்டிருக்கறன். டேங்க் நெறஞ்சா நிறுத்துங்க."

போய் நிறுத்தினேன். மாடியில் ஆறு வருடமாக வழிந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது.

"வெயிலு போகுது. மொளகாய அள்ளி உள்ள வெக்கச் சொன்னனே, காதுல விழுந்துச்சா?"

மொட்டை மாடிக்குப் போய் அள்ளி வந்தேன். மிளகாய் நன்றாகக் காய்ந்திருந்தது.

"உங்களுக்கென்ன, பொட்டியக் கட்டிக்கிட்டீங்க. நாந்தான் செவுத்தோட பேசிட்டிருக்கறன்."

ரெஜினா சிரித்தார். "அக்காவுக்குச் செரியான வாயிங்கண்ணா."

"இதுக்கு நான் என்ன செய்யறதுங்க?"

"போயி செவுத்துக்கிட்ட நில்லுங்க."

நின்றேன். வரிசை நகர்ந்தது.

இப்படிப் பதினாறு முடிய மதியம் ஆகிவிட்டது. இடையில், பூவாத்தாள் கேட்ட இட்லிப் பானையை, ரெஜினா நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, நான் பரணிலிருந்து இறக்கி வைத்தேன். எந்த வேலையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கவில்லை.

பதினேழாவது வந்தது.

"ஏனுங்க, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. மல்லிகா கார எடுக்கறா. ஆஸ்பத்திரி போயிட்டு வந்தர்றோம். நீங்களும் வர்றீங்களா?"

அதன் பிறகு பேச்சு இல்லை. மின்விசிறியின் ஓசை இருந்தது. நடுவில் ஒருமுறை வளையல். அவள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். நான்கு நிமிடம் என்பது இதுதான்.

"இது கேள்விங்கண்ணா" என்றார் ரெஜினா. "வாயத் தொறந்து பதில் சொல்லோணும்."

"வர்றேன் பூவா. இரு, சட்டை மாத்திட்டு வர்றேன்" என்றேன்.

விளக்கு ஒருமுறை நீலமாகத் துடித்து, மறுபடி வெள்ளையானது. மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

"பொட்டி எடுக்க மாட்டேங்குது" என்றார் ரெஜினா. "உங்க கொரலு நூத்தித் தொண்ணூத்திரண்டுல இருக்குது. அக்கா நாப்பத்தி நாலுல நிக்கறாங்க." நீல விளக்கில் தனியாக வெகுநாள் இருந்தவர்களுக்கு அப்படி ஆகும். "கொறச்சு அனுப்பலாமுங்க. ஆனா கொறச்சா கொஞ்சம் உதிரும்."

"எது உதிரும்?"

"அது பொட்டி பாத்து விடறதுதானுங்க."

அந்த நான்கு நிமிடத்தில் நாற்பது வினாடி மிச்சம் என்று திரை காட்டியது.

"கொறச்சுருங்கம்மா" என்றேன். அதே வார்த்தைகளை மறுபடி, நிதானமாக, பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன்.

பெட்டி கொஞ்சம் யோசித்தது. பிறகு என் பதில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது எங்களுக்கும் கேட்டது.

"ம்."

என் பதிலில் மிஞ்சியது அவ்வளவுதான்.

"செரி, நீங்க கேளுங்க. பாட்டு பாதில இருக்குதாட்ட இருக்கு. டீய மூடி வெச்சிருக்கறன், ஆறிரப் போகுது" என்றாள் பூவாத்தாள். செருப்பு ஓசை வாசல்வரை போயிற்று. கார்க் கதவு சாத்தும் ஓசை கேட்டது. பட்டியல் காலியானது.

ரெஜினா நாதஸ்வரத்தை ஓடவிட்டார். ஓரிடத்திலும் அறுபடவில்லை. வாசிப்பவர் மூச்சு வாங்குவதுகூடத் தனியாகக் கேட்டது. இரண்டு பேரும் கொஞ்சநேரம் கேட்டோம்.

"செரியாயிருச்சுங்கண்ணா" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

பிறகு பெட்டியைத் தூக்கினார். அடியில் உதிர்ந்தவை கிடந்தன, ரவையைப் போல வெளுத்து, கொஞ்சம் ஈரமாக. தன் முகவரி அட்டையால் வழித்தெடுத்து, திருகாணி போட்டு வைக்கும் சின்ன பிளாஸ்டிக் கவரில் இட்டு, வாயை மடித்து என்னிடம் தந்தார். "இது உங்களுதுங்க. ஈரம் படாம வெச்சுக்குங்க."

சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

உதிர்ந்த அந்த வார்த்தைகள், "வர்றேன்" என்பதும்கூட, இப்போது என் குரலில் இல்லை. யாராவது எங்காவது கூப்பிட்டால் கவரைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் மல்லிகா மகளுடைய கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாள். கவரைப் பிரித்துக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள்.

"சட்டையும் மாத்திட்டு வருவீங்களா? அப்பச் செரி" என்றாள். "மொதப் பந்தியிலயே எடம் போட்டு வெக்கறன்."